உதிரிச் சாமான்

2024-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சற்றுக் கண் அயரலாம் என்று சாய்ந்த சமயம் பார்த்து என் மருமகன் வந்து சேர்ந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஒரு பக்கம் முழுவதும் சாமான்களின் பெயர்; எதிரே விலை; அடியில் கூட்டல்; அந்தக் கூட்டலை அடித்துவிட்டு இன்னொரு கூட்டல். கல்யாணச் சமையலுக்குப் பலசரக்குப் பட்டியல் போட்டது மாதிரி இருந்தது.

"மாமா, கேமிங் கம்ப்யூட்டர் ஒண்ணு அசெம்பிள் பண்ணணும். அம்மைக்குச் சீட்டு விழுந்த துட்டு எழுபதாயிரம் இருக்கு. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது, காலேஜு முடியுது வரைக்கும் இது ஓடணும், மாமாகிட்ட கேட்டு வாங்குண்ணு சொல்லிட்டா" என்றான்.

நாஞ்சில் நாட்டில் மருமகன் வந்து மாமன் முன்னால் நிற்பது புதிய சமாசாரமல்ல. ஒரு காலத்தில் இங்குள்ள வெள்ளாளர் வீடுகளில் சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குத்தான் போகும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த வழக்கத்தைக் கேலி செய்து 'மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். 1926-ல் திருவாங்கூர் சர்க்கார் சட்டம் போட்டு அதற்கு ஒரு முடிவு கட்டியது. சட்டத்தினால் சொத்தைத்தான் திருப்ப முடிந்தது. கேட்கிற உரிமையைத் திருப்ப முடியவில்லை.

ஆனால் அவன் கேட்ட கேள்வி என் வயிற்றைக் கலக்கியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2002-ல் இவனுடைய அப்பா, அதாவது என் தங்கை புருஷன், வடசேரியில் ஒரு பிரௌஸிங் சென்டர் ஆரம்பித்தார். ஆறு கம்ப்யூட்டர் வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற நல்ல மனிதர் அவர். என்னிடம் யோசனை கேட்டார். நானும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி அவரோடு சென்னைக்குப் போனேன். மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ரேடியோ வால்வும் கண்டன்சரும் விற்ற தெரு. பிறகு டெலிவிஷன் சாமான், அதற்கும் பிறகு கம்ப்யூட்டர் சாமான். அங்கே கடை கடையாக ஏறி இறங்கி, ப்ராசஸர் நல்லது, ராம் நல்லது என்று பார்த்துப் பார்த்து வாங்கினோம். கடைசியில் பட்ஜெட் கொஞ்சம் இடித்தது. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். "அது வெறும் டப்பாதானே, வேலை செய்யப்போவது மற்றதெல்லாம்" என்றேன். ஆறு ஐந்நூறு மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் திரும்பி வந்தோம்.

மூன்று ஐப்பசி மழைக்குள் நாலு யந்திரம் போய்விட்டது. டப்பா போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போகிற போக்கில் மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிற்று. சென்டரை மூடிவிட்டு மைத்துனர் தம்மாமுக்கு விமானம் ஏறினார். இன்று வரைக்கும் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது அவருடைய மகன் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறான். "நாளைக்கு வாலே, பாத்துச் சொல்லுகேன்" என்று அனுப்பிவிட்டு நான் படிக்க உட்கார்ந்தேன். கடைக்காரனிடம் ஏமாந்தவன் சரித்திரத்தையாவது நம்பிப் பார்க்கலாம் அல்லவா?

சரித்திரத்தில் முதலில் எழுகிற கேள்வி, கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்க்க எப்படி முடிகிறது என்பது. ஃப்ரிட்ஜை அப்படி வாங்க முடியாது. மோட்டார்க் காரையும் முடியாது. யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்து அப்படி வாங்க முடிந்த யந்திரம் மாட்டு வண்டி ஒன்றுதான். சுசீந்திரத்தில் எங்கள் தாத்தாவுக்கு ஒரு வில் வண்டி இருந்தது. ஆரக்கால் ஒடிந்தால் ஆரக்கால். வட்டை போனால் வட்டை. நுகத்தடி விரிசல் விட்டால் நுகத்தடி. ஒரு ஊர் ஆசாரி செய்த சக்கரம் இன்னொரு ஊர் ஆசாரி போட்ட அச்சில் போய் உட்காரும். ஆசாரி வேறு, அளவு பொது. தாத்தா மற்றதற்கெல்லாம் பேரம் பேசுவார். அச்சுக்கு மாத்திரம் பேரம் பேசமாட்டார். இதை நான் 2002-ல் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இந்தப் பொது அளவு வந்தது அவசரத்தினால். ஐ.பி.எம். என்கிற பெரிய கம்பெனி எந்தச் சாமானையும் தானே செய்து, தன் பெட்டியில் வைத்துப் பூட்டி விற்பதில் பேர் போனது. 1980-ல் சின்னக் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனிகள் தலையெடுத்ததைப் பார்த்து அதற்குக் கவலை வந்துவிட்டது. ஃபிளாரிடாவில் போக்கா ராட்டன் என்ற ஊரில் ஒரு சிறு கூட்டத்தை உட்கார வைத்து, ஒரே வருஷத்தில் ஒரு யந்திரம் வேண்டும் என்று சொல்லியது. கூட்டத்துக்குத் தலைவர் டான் எஸ்ட்ரிட்ஜ். ஒரு வருஷத்தில் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முடியாது என்று கண்ட அவர், கடையில் கிடைப்பதை வாங்கிச் சேர்த்தார். மூளைக்கு இன்டெல் கம்பெனியின் 8088. வேலை வாங்கும் புரோகிராமுக்கு மைக்ரோசாஃப்ட். ஃப்ளாப்பி டிரைவுக்கு, இந்தியாவில் பிறந்து அமெரிக்கா போய்த் தொழில் நடத்திய ஜுகி டாண்டன் என்பவரின் கம்பெனி. 1981 ஆகஸ்டு 12-ந் தேதி யந்திரம் வெளிவந்தது. விலை 1,565 டாலரிலிருந்து. அந்தப் பெரிய கம்பெனியின் முதல் 'பெர்சனல் கம்ப்யூட்டர்' ஒரு அசெம்பிள் பண்ணின யந்திரம்தான் என்பதை என் மருமகனிடம் சொன்னபோது அவனுக்கு மகா திருப்தி.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. மற்றவர்களும் அதில் செருகக்கூடிய கார்டுகளைச் செய்யட்டும் என்று, யந்திரத்தின் படத்தையும் இணைப்பு விவரத்தையும் புஸ்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று: யந்திரம் விழித்தவுடன் முதலில் ஓடுகிற பயாஸ் என்ற சிறு புரோகிராம். அதையும் அந்தப் புஸ்தகத்தில் பிரசுரித்துத்தான் இருந்தார்கள். ஆனால் காப்புரிமை அவர்களுடையது, யாரும் நகல் எடுக்கக்கூடாது. 1982-ல் ஹூஸ்டன் நகரத்தில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த காம்பாக் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அந்தப் புரோகிராமைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஆட்களைப் பிடித்து, அது என்ன என்ன வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, முதலிலிருந்து எழுத வைத்தார்கள். குழம்பை ருசி பார்த்துச் சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி! நாலு வீட்டுச் சமையலறையில் நடப்பதுதான். சட்டம் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு அதே அளவில் யந்திரம் செய்யாதவர்களே இல்லை என்று ஆகிவிட்டது.

ஐ.பி.எம். 1987-ல் விழித்துக்கொண்டு, மறுபடியும் கதவைச் சாத்தப் பார்த்தது. புது யந்திரம், புதிய செருகுவாய், உபயோகிக்க வேண்டுமானால் கப்பம் கட்டு என்றது. மறு வருஷமே ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து, உன் செருகுவாய் எங்களுக்கு வேண்டாம் என்று தங்களுக்குள் வேறொன்றை வகுத்துக்கொண்டன. ஐ.பி.எம். செய்தது தரத்தில் குறைந்ததல்ல, ஆனாலும் தோற்றது. 2005-ல் அந்தத் தொழிலையே லெனோவோ என்ற சீனக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போயிற்று. பாவம் எஸ்ட்ரிட்ஜ், இதையெல்லாம் பார்க்கவில்லை. 1985-ல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார்.

நம் தேசத்தில் கதை வேறு மாதிரி. 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போய்விட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழி கிராமத்தைச் சேர்ந்த சிவ நாடார் தம் சகாக்களோடு எச்.சி.எல். ஆரம்பித்திருந்தார். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி சர்க்கார் புதிய கம்ப்யூட்டர்க் கொள்கை கொண்டுவந்தது. 1991-ல் இன்னும் கதவு திறந்தது. 1997-ல் இந்தியா உலக உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, 2005-க்குள் இந்தச் சாமான்களுக்குச் சுங்க வரியே இல்லாமல் செய்தது. ரிச்சி தெருவில் நாங்கள் நடந்த 2002 இந்த இறக்கத்தின் நடுப்படி. சாமான் வந்து குவிந்தது. நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது. உலகம் முழுவதிலுமே அந்தச் சில வருஷங்களில் மட்டமான கண்டன்சர்கள் மதர்போர்டுகளில் ஏறி, பூரி மாதிரி உப்பி வெடித்தன. பேர் பெற்ற கம்பெனிகளும் தப்பவில்லை. எங்கள் நாலு யந்திரங்களின் மரணத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று வெகு நாட்களாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தேன். ஆனால் ஐந்நூறு ரூபாய் டப்பா ஆறிலும் இருந்தது என்பதை மறக்க முடியவில்லை.

நிற்க. மறுநாள் மருமகன் வந்தான். பட்டியலை விரித்தோம். மானிட்டர் பழையது ஒன்று இருந்ததால் அது கணக்கில் இல்லை. எழுபதாயிரத்தில் நாற்பதாயிரம் கிராபிக்ஸ் கார்டுக்கு! விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சியையும் தீட்டுவது அதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு எவ்வளவு என்று பார்த்தேன். 1,400 ரூபாய்.

நான் ஒன்றும் பேசாமல் அந்த வரியின் மேல் விரலை வைத்தேன்.

"அது சும்மா கரண்டு டப்பாதானே மாமா" என்றான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய என் வார்த்தை, என் தங்கை பிள்ளையின் வாயில். நான் அவனுக்கு அவன் அப்பாவின் சென்டர் கதையைச் சொன்னேன். தம்மாம் போனதற்குக் காரணம் வியாபாரம் நொடித்தது என்று மட்டுமே அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னுடைய பங்கைச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 1,400-ஐ அடித்தான்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. சரித்திரத்தில் எந்தப் பொருத்து எத்தனை வருஷம் நீடித்தது என்று பார்த்துப் பணம் வைத்தோம். பெட்டியும், மதர்போர்டை முடுக்கும் திருகு ஓட்டைகளும் 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவு, முப்பது வருஷமாக அதே இடத்தில் அதே ஓட்டைகள். கிராபிக்ஸ் கார்டு செருகுகிற வாய் 2003 வாக்கில் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், வேகம் பல மடங்கு கூடியும் வாய் மாறவில்லை, இன்றைய கார்டு பழைய போர்டிலும் உட்காரும். ஆகையால் கார்டு என்பது சக்கரம். இன்று சுமாராக வாங்கி, நாலு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். 40,000 ரூபாய்க் கார்டை விட்டு, 2021-ல் வெளிவந்த ரேடியான் 6600 என்ற கார்டை 21,000-க்குப் பிடித்தோம்.

ப்ராசஸர் உட்காருகிற குழிதான் தகராறு பிடித்தது. இன்டெல் கம்பெனி குழியை அடிக்கடி மாற்றுகிற பேர்வழி. 2017-ல் வந்த ப்ராசஸர், முந்திய போர்டின் குழிக்குள் அளவாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது! ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 என்ற குழி அப்படியில்லை. 2017-ல் அதில் போர்டு வாங்கியவர்கள், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-ல் வந்த ப்ராசஸரை அதிலேயே போட்டுக்கொண்டார்கள். பையன் பட்டியலில் இருந்தது இந்த ஏ.எம்.4. மலிவு, சோதித்துத் தேர்ந்தது, ஆனால் வயசாகிவிட்டது. அடுத்த குழியான ஏ.எம்.5 2022-ல் வந்தது. 2027-க்கும் அப்பால் அதற்குப் புது ப்ராசஸர் வரும் என்று கம்பெனி அந்த ஜூன் மாதம்தான் சொல்லியிருந்தது. கம்பெனி வாக்கைச் சத்திய வாக்காக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் முன்பு ஒரு முறை சொன்னபடி நடந்துகொண்டவன் என்ற அளவில் நம்பினோம். போர்டு நடுத்தரம், ப்ராசஸர் அடிமட்டத்துக்கு ஒரு படி மேலே. அது பழசானால் அதே குழியில் வேறொன்று.

எஸ்.எம்.பி.எஸ். 6,000 ரூபாய். வீட்டில் வருகிற 230 வோல்ட் ஏறி இறங்குகிற மின்சாரத்தை, 12 வோல்ட் முதலான சின்ன அளவுகளில் ஆடாமல் அசையாமல் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற காரியஸ்தன் அவன். நல்லவனானால் தனக்கு ஆபத்து வரும்போது தான் மட்டும் விழுவான். கெட்டவன் குடும்பத்தையே சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவான். டப்பாவின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருப்பதை நம்பக்கூடாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம் என்பதைப் பாருங்கள். மலிவு டப்பாவுக்கு ஒரு வருஷம் கொடுப்பதே அதிகம். நல்லதற்கு ஐந்து, ஏழு, பத்து வருஷம் கொடுக்கிறார்கள். தன் பணத்தைப் பந்தயம் வைக்கிறவன் பொய் சொல்ல யோசிப்பான் அல்லவா? நாங்கள் வாங்கியது பத்து வருஷம்.

ஆனால் நாங்கள் முதலில் செலவழித்தது எந்தக் கடைப் பட்டியலிலும் இல்லாத ஒரு சாமானுக்கு. தங்கை வீட்டு பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருந்ததே ஒழிய, அதற்குப் பின்னால் எர்த் இல்லை. சும்மா அழகுக்கு ஓட்டை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தென்னை மூட்டில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கிக் கம்பி இழுத்தோம். மூவாயிரம் ரூபாய், அது என் கைச்செலவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகள் வரிசை வரிசையாகச் சுற்றி மின்சாரம் எடுக்கிற ஜில்லா இது. இருந்தும் வீட்டுக்குள் வருகிற மின்சாரம் தை மாதப் பசு மாதிரி சாதுவாகவும் இருக்கும், ஐப்பசி இடியில் முட்டவும் செய்யும். இரண்டு பருவ மழையும் பெய்கிற சீமையில் எர்த் மட்டும் இடியைத் தடுத்துவிடாது. "முதல் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கணும்" என்று தங்கையிடம் சொல்லி வைத்தேன். அவள் சொன்னாள்: "அது நான் பாத்துக்கிடுகேன் அண்ணாச்சி. மேகம் கறுத்தாலே பிடுங்கிப் போட்டிருவேன்." அந்த வாக்கை அவள் இன்று வரை தவறவில்லை. மருமகனின் பல யுத்தங்கள் பாதியில் நின்றது இதனால்தான்.

விளையாட்டைப் பற்றி என் வயதுக்காரர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, எனக்கும் இல்லை. சரித்திரத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஆபீஸ்களும் வீடுகளும் லாப்டாப்புக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டன. உதிரிச் சாமானை இன்னமும் கேட்டு வாங்கி, இந்தப் பொது அளவை உயிரோடு வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுப் பிள்ளைகள்தான். 1996-ல் வூடூ என்று ஒரு கார்டு வந்து விளையாட்டுப் படத்துக்கு உயிர் கொடுத்தது. அதைச் செய்த கம்பெனியை 2000-ல் என்விடியா வாங்கிக்கொண்டது. 2012-ல் டொராண்டோ சர்வகலாசாலையில் படத்தைப் பார்த்து இது பூனை, இது நாய் என்று சொல்லும் ஒரு புரோகிராமைப் பழக்கினார்கள். அதற்கு உபயோகித்தது இரண்டு விளையாட்டுக் கார்டுகள்! இப்போது உலகத்தை ஆட்டி வைக்கிற செயற்கை நுண்ணறிவு ஓட்டத்தின் வாசலில் அந்த இரண்டு கார்டுகள் நிற்கின்றன.

அந்த வாசல் வழியாக ஒரு கஷ்டமும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். ராம் வாங்குகிற கட்டத்தில் பையன் எட்டு எட்டாக இரண்டு துண்டு போட வேண்டும், அப்போதுதான் வேகம் என்றான். நான் ஒரே பதினாறாக வாங்கி ஒரு குழியைக் காலியாக விடச் சொன்னேன். "ராம் விலை எப்பவும் இறங்கத்தான் செய்யும். அடுத்த வருஷம் பாதி விலைக்கு இன்னொரு பதினாறு போட்டுக்கிடலாம்." கணக்கு அழகான கணக்கு. 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற பிரம்மாண்டமான கூடங்கள் உலகத்து ராம் முழுவதையும் விழுங்க ஆரம்பித்தன. தயாரிக்கிற கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பின. அவற்றில் ஒன்றான மைக்ரான், சில்லறை வாடிக்கைக்காரர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் என்ற பேரையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. சில மாதத்தில் விலை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது.

2026 தைப் பொங்கலுக்கு மைத்துனர் லீவில் வந்தார். சாப்பாடு ஆனதும், "பெட்டியைத் தொறல பாப்பம்" என்றார். பையன் திருகைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தான். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, மற்ற எதையும் பார்க்காமல், நேரே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் கையை வைத்தார். அதில் ஒட்டியிருந்ததை மெல்லப் படித்தார். பிறகு சுவர் ஓரமாகப் போகிற எர்த் கம்பியைக் கண்ணாலேயே ஜன்னல் வரைக்கும் தொடர்ந்து போய்ப் பார்த்தார். நான் வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"பத்து வருஷமா அத்தான்?" என்றார்.

"ஆமா, பத்து" என்றேன்.

தலையை ஆட்டினார். அப்புறம்தான் பெட்டியின் மற்ற பாகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மதர்போர்டில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இதென்ன, ராம் ஒண்ணுதான் போட்டிருக்கு? பக்கத்துல காலியா கெடக்கே?" என்று மகனைக் கேட்டார்.

"அது மாமா சொன்னது" என்றான் மருமகன்.